கட்டைவிரலுக்கு இடம் கேட்டவர்

கடைக்காரர் தட்டை எடுத்துக் கொடுத்ததும் வெங்கடம்மா அதன் நடுவைப் பார்ப்பதில்லை. விளிம்பைத்தான் தடவுகிறார். கட்டைவிரலை மேலாகவும் ஆள்காட்டி விரலைக் கீழாகவும் வைத்து ஒரு முழுச் சுற்று. விளிம்பு அகலமாக மடிந்திருந்தால் சரி. வெறுமனே வெட்டி விட்டிருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுவார். "இத எங்க புடிக்கறது? கொழம்புக்குள்ள வெரல வுட்டா?" ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் முனிவேல், தூரத்தில் அவர் தலை தெரிந்ததுமே, "அக்கா வருது, கரை வெச்சதா எடுத்து முன்னாடி வை" என்று உள்ளே குரல் கொடுப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

விளிம்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்துவதில்லை. எதற்கும் கரைதான். சேலைக்குக் கரை, தட்டுக்குக் கரை, கிணற்றுக்குக் கரை. கரை இல்லாத பொருளைச் செய்தவன் அதைத் தன் கையால் ஒருநாளும் தூக்கியதில்லை என்பது அவருடைய முடிவு.

மத்திகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அண்ணன் கட்டி விட்டிருக்கும் நான்கு வாடகை வீடுகளில் இரண்டாவது அவருடையது. வயது நாற்பத்து நான்கு. பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். கணவர் திம்மப்பன் மாட்டுப்பண்ணையில் வேலை செய்கிறார், அதிகம் பேசமாட்டார். கேட்டால், "எங்கூட்டுக்கு ஒரு வாயி போதுங்க" என்பார். நான் ஐந்தாவது வரை கன்னடத்திலும் அதற்குப் பிறகு தமிழிலும் படித்தவன் என்பதால், வெங்கடம்மாவின் கோபத்தை மொழியை வைத்தே அளந்துவிடுவேன். சின்னக் கோபம் தமிழில் வரும். பேருந்து நடத்துநரோடு சண்டை என்றால் கன்னடம். தெலுங்கு வந்துவிட்டால் திம்மப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆவணியில் மஸ்கட்டிலிருந்து நாற்பது நாள் விடுப்பில் வந்திருந்தேன். அந்த நாற்பது நாளில் திம்மப்பன் குடித்த டீக்குக் கணக்கே கிடையாது.

வெங்கடம்மாவுக்கு வேலை தொழிற்பேட்டையில், இருசக்கர வண்டிகளுக்கு பிரேக் பெடல் செய்கிற ஒரு கம்பெனியில். இறுதிச் சோதனை. பற்றவைத்த இடத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பெடலுக்கு ஒன்பது வினாடி. பதினோரு வருடமாக இதே வேலை. பெடலை விளக்குக்கு நேரே சாய்க்கும்போது அவருடைய இடது கண் தானாகச் சுருங்கும். வீட்டில் கத்தரிக்காய் நறுக்கும்போதும் அந்தக் கண் சுருங்கும், புழு தப்பியதில்லை.

இடது கையில் ஒரு கருவியைப் பிடித்திருப்பார். அதன் மூக்கைப் பெடலில் ஒட்டியிருக்கும் பார்கோடு சீட்டுக்கு நேரே காட்டினால் பெடலின் எண் திரையில் வரும். நல்லது என்றால் பச்சைக் கட்டம், கெட்டது என்றால் சிவப்புக் கட்டம். வலது கை விரலால் தொட வேண்டும். தொட்டதும் அடுத்த மேசையில் அதே நிறத்தில் ஒரு விளக்கு எரியும். அங்கே நிற்கும் அதியா என்ற பெண் பெடலைப் பார்க்கத் தேவையில்லை. விளக்கைப் பார்த்துப் பச்சைத் தொட்டியிலோ சிவப்புத் தொட்டியிலோ போடுவார். அவ்வளவுதான் வேலை.

பழைய கருவி செங்கல் மாதிரி இருக்குமாம். திரை சின்னது. சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக், திரையைவிடக் கொஞ்சம் மேடாக. பருத்திக் கையுறை போட்ட கட்டைவிரல் நாள் முழுக்க அந்த மேட்டில்தான் உட்கார்ந்திருக்கும். நான்கு வருடத்தில் பதினாறு தடவை சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறது. "மூலைதான் அடி வாங்கிச்சு, கண்ணாடிக்கு ஒரு கீறலு கெடையாது. என்னா மாதிரி டப்பா தெரியுமா தம்பி அது. எண்ணெக் கையோட புடிச்சாலும் தெரை சுத்தமா இருக்கும். ஏன்? கை கரையோட நின்னுடும்."

அந்த வருடம் ஆனியில் புது டப்பா வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள், செங்கல்லோடு பெண்கள் நின்றால் கம்பெனிக்கு அழகாக இருக்காது என்று யாரோ மேலே முடிவு செய்திருக்கிறார்கள். புதியது ஒல்லி. ஓரத்திலிருந்து ஓரம் வரை திரை. இடது ஓரம் முழுக்கப் பச்சைப் பட்டை, வலது ஓரம் முழுக்கச் சிவப்புப் பட்டை. கொண்டுவந்து காட்டியவர், "வேஸ்ட் எடமே இல்ல பாருங்க" என்று பெருமையாகச் சொன்னாராம்.

அந்த வேஸ்ட் இடத்தில்தான் ஒரு மனுஷியின் கட்டைவிரல் நான்கு வருடம் இருந்தது. ஒரு பொருளை வாங்கக் கூடுகிறவர்களில் அதை எட்டு மணி நேரம் பிடிக்கப்போகும் கை ஒன்றுகூட இருப்பதில்லை. மேசைமேல் படுக்க வைத்துப் பார்க்கிறார்கள், அழகாக இருக்கிறது, வாங்கிவிடுகிறார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளி தாண்டும்வரை செல்போன் விளம்பரப் பலகைகளில் இதே கதைதான்: ஒல்லி, இன்னும் ஒல்லி, முழுவதும் திரை. பிடிப்பது எப்படி என்று ஒரு பலகையும் சொல்லவில்லை.

முதல் நாளே வெங்கடம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பெடலின் சீட்டைப் படிக்க வைக்கக் கருவியை இறுக்குகிறார்; இறுக்கினால் கட்டைவிரல் பச்சையில் அமுங்குகிறது. அவர் பெடலைச் சாய்த்துப் பார்த்து, கீறல் கண்டு, சிவப்பைத் தொடுவதற்குள் கருவி பச்சை என்று எழுதிவிடுகிறது. முதலில் பட்ட நிறம்தான் கணக்கு. அப்புறம் எத்தனை முறை சிவப்பைத் தொட்டாலும் ஏறாது. பக்கத்தில் பிரஸ் இயந்திரங்கள் அடிக்கிற சத்தத்தில் நிறம் பதிந்ததும் கருவி எழுப்பும் சிணுங்கல் காதில் விழாது.

சூப்பர்வைசரிடம் சொன்னார். "கைய ஒழுங்கா புடிங்கம்மா" என்றார் அவர்.

"ஒழுங்கான்னா எப்டி சார்? கட்டவெரல வூட்ல வெச்சுட்டு வரட்டுமா?"

அதற்கு அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை என்னிடம் நடித்துக் காட்டும்போது வெங்கடம்மா கன்னடத்துக்குப் போய்விட்டார்.

பிறகு அவரும் அதியாவும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கெட்ட பெடல் கண்ணில் பட்டால் வெங்கடம்மா "எர்ரா!" என்று கத்துவார். தெலுங்கில் சிவப்பு. விளக்கு பச்சையாகவே எரிந்தாலும் அதியா அதை நம்பாமல் சிவப்புத் தொட்டியில் போடுவார். "எனக்குத் தெலுங்குல தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான்" என்றார் அதியா. "தூக்கத்துல எங்கூட்டுக்காரரு எங்கிட்டே ஏதோ கேட்டாரு, எர்ரான்னு சொல்லிருக்கேன். மனுசன் பயந்துட்டாரு."

கூடவே வெங்கடம்மா இன்னொன்றும் செய்தார். கருப்பு இன்சுலேஷன் டேப்பை எட்டு மடிப்பாக மடித்து, திரையின் இடது ஓரத்தில் மேடாக ஒட்டினார். கட்டைவிரல் அகலம். பச்சைப் பட்டையில் பாதி மறைந்தது, மீதிப் பாதி தொடுவதற்குத் தாராளமாகப் போதும். ஒன்பது நாள் ஒரு தப்பு இல்லை. கையால் செய்த கரை.

பத்தாவது நாள் தூய்மை, ஒழுங்கு என்று கையில் அட்டையோடு ஆடிட்காரர்கள் வந்தார்கள். டேப்பைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். பிறகு உரித்துக் குப்பைக் கூடையில் போட்டார்கள். அடுத்த நாள் காலையில் உணவுக்கூட வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் அந்தப் படம் தொங்கியது. மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி, கீழே "இப்படிச் செய்யாதீர்கள்", மூலையில் தேதி. வேலை நேரத்தில் கத்திப் பேசுவதாகவும் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அதியாவை வேறு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். அந்த மேசைக்குப் புதிதாக வந்த பெண் சேலத்துக்காரி. சொல்லிக் கொடுத்தபடி விளக்கை மட்டும் பார்த்தாள். வெங்கடம்மா "எர்ரா" என்று கத்தியதற்கு, "என்னக்கா, யாரக் கூப்புடுறீங்க?" என்று கேட்டாளாம். இரண்டாவது முறை கத்தியபோது சூப்பர்வைசர் வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டார்; பச்சை விழுந்த பெடலைத் தனியாக எடுத்து வைக்கவும் விடவில்லை.

பதினொரு நாள் கழித்து, வண்டிக் கம்பெனியிலிருந்து கீறல் விழுந்த பெடல்கள் பதினான்கு திரும்பி வந்தன. பதினான்கிலும் சோதித்தவர் எண் முப்பத்தொன்று. அது வெங்கடம்மாவின் எண்.

ஆங்கிலத்தில் வந்த மெமோவை என்னிடம் எடுத்து வந்தார். கையைக்கூடக் கழுவாமல் நின்றபடி, "படிங்க தம்பி" என்றார். தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெரும் அலட்சியம். மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம். திருப்தி இல்லையென்றால் வேலை நீக்கம்.

"அலட்சியமா?"

"அப்டித்தான் போட்டிருக்கான் அக்கா."

வாசலில் உட்கார்ந்திருந்த திம்மப்பன் மெதுவாக எழுந்து சட்டையை எடுத்தார். பிறகு தெலுங்கு வந்தது. அதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் அச்சடிக்க மாட்டார்கள்.

அன்று மாலை பதில் எழுத உட்கார்ந்தேன். வேலை போவது என்றால் என்னவென்று வெளிநாட்டில் இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்; அந்த வருடம் எங்கள் அலுவலகத்திலேயே வாரம் இரண்டு பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் முதல் வரியில் "நடந்ததற்கு வருந்துகிறேன்" என்று போட்டேன். படித்துக் காட்டினேன்.

"எதுக்குத் தம்பி வருத்தம்?"

"ஒரு மரியாதைக்கு அக்கா. வேலை நிக்கட்டும்னு."

"தட்டுக் கம்பெனியா அது? பிரேக்கு தம்பி, பிரேக்கு." குரல் உயர்ந்தது. "எங்கூட்டுக்காரரு ஓட்டற வண்டியில இருக்கறதே எங்க பெடலுதான். திரும்பி வந்தது பதினாலு. சரி. போனது எத்தினி? அத எவனாச்சும் கேட்டானா? எம் மேல தப்பு போடறதுல இருக்கற அவசரம், அந்த வாரத்துச் சரக்க நிறுத்தறதுல ஒருத்தனுக்குக்கூட இல்லியே!"

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் அவருடைய வேலையைப் பற்றி மட்டும் பயந்துகொண்டிருந்தேன்.

வருத்தத்தை அடித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினோம். அறிவிப்புப் பலகையில் தேதியோடு தொங்கும் படத்தை அவர்தான் ஞாபகப்படுத்தினார். "நான் வாயால சொன்னத இல்லேம்பான். அவனுங்களே மாட்டி வெச்சத எப்டி இல்லேம்பான்?" பதிலின் கடைசி வரி அவருடையது, ஒரு சொல்கூட மாற்றவிடவில்லை: என்னை என்ன செய்தாலும் சரி, அந்தப் பதினொரு நாள் சரக்கு முழுவதையும் திரும்ப வரவழைத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காகிதமெல்லாம் ஆங்கிலம், படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று வெங்கடம்மா பிடிவாதம் பிடித்ததால் என்னை உள்ளே விட்டார்கள். "நீங்க படிக்கலாம் சார், பேசக் கூடாது" என்றார் மனிதவள அதிகாரி பிரதாப். முப்பது வயதிருக்கும். நல்ல சட்டை. முகத்தில் கெட்டவன் என்று சொல்ல எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மேசைமேல் ஒரு புதுக் கருவியும், திரும்பி வந்ததில் ஒரு பெடலும், ஒரு கோப்பும் இருந்தன. சாட்சிக்கு அதியா சுவரோரம் நின்றார்.

"மத்த லைன்லயும் இதே டிவைஸ்தானேம்மா? அவங்களுக்கெல்லாம் வராத பிரச்சன உங்களுக்கு மட்டும் ஏன்?"

"மத்தவங்க பெடல் பாக்கல சார். பொட்டி எண்றாங்க. ஒரு பொட்டி தப்பா போனா ஒரு பொட்டி. இங்க ஒரு காலு."

"மேச மேல வெச்சுட்டே தொடலாம்ல?"

"சீட்ட யாரு படிப்பா? டப்பா தானா எந்திரிச்சு வந்து மூக்கக் காட்டுமா?"

அதியா வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, ரொம்ப டைட்டா புடிக்காதீங்கன்னு ட்ரெய்னிங்லயே சொல்லியிருக்கு" என்றார் பிரதாப்.

வெங்கடம்மா முன்னால் வந்தார். கருவியை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்க புடிங்க சார். லேசாவே புடிங்க. எடது கையில. இந்தா பெடலு. சீட்டப் படிக்க வையுங்க."

பிரதாப் சிரித்துக்கொண்டே வாங்கினார். மூக்கைச் சீட்டுக்குக் காட்டினார். படிக்கவில்லை. கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் இறுக்கிக் காட்டினார். கருவி சிணுங்கியது. அந்த அறையில் பிரஸ் இயந்திரம் கிடையாது. எல்லோர் காதிலும் விழுந்தது. திரையில் பச்சை.

"நீங்க அமுத்துனீங்களா சார்?"

"இல்ல... கை பட்டுடுச்சு."

"மறுபடி."

மறுபடியும் பச்சை. மூன்றாவது தடவை அவர் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நான்கு விரலால் பிடிக்கப் பார்த்தார். கருவி நழுவி, பிடிக்கத் தாவிய உள்ளங்கை அதன் ஓரத்தில் அழுந்தியது. பச்சை.

"மூணு வண்டி" என்றார் வெங்கடம்மா. சத்தமே போடவில்லை. "நீங்க படிச்சவரு, ஏசி ரூமுல நிதானமா, கையுறை இல்லாம, மூணே மூணு தடவ பாத்தீங்க. மூணுலயும் பிரேக்கு இல்லாத வண்டிய ரோட்டுக்கு அனுப்பிட்டீங்க. நான் ஒரு நாளைக்கு மூவாயிரம் பாக்கறேன் சார். இப்ப எழுதுங்க அதுல, அலட்சியம்னு. யாரு பேரப் போடுவீங்க?"

பிரதாப் கருவியை மேசையில் வைத்தார். காது சிவந்திருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே பேசினார். டிவைஸைப் பற்றித் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் சரக்கைத் திருப்பிக் கூப்பிடுவது பெரிய விஷயம், வாடிக்கையாளரிடம் கம்பெனி பேரே போய்விடும். உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது. வெறும் எச்சரிக்கைக் கடிதம். "இந்தப் பதினான்கு பெடலும் என் கவனக்குறைவால் போயின" என்று ஒரே ஒரு கையெழுத்து. விஷயம் இதோடு முடிந்தது.

கோப்பிலிருந்து முன்கூட்டியே தட்டச்சு செய்த தாளை எடுத்து வைத்தார். நாங்கள் உள்ளே வருவதற்கு முன்பே அது தயாராக இருந்திருக்கிறது.

தாளை வாங்கிப் படித்துச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதியா, "அக்கா..." என்றார், போடச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள், வேலையும் அதே கம்பெனியில். போட்டுவிடுங்கள் என்றுதான் என் பயமும் சொன்னது. போடாதீர்கள் என்று சொல்லும் துணிவும் எனக்கு வரவில்லை. நான் பேசக் கூடாது என்பது அந்த நேரத்துக்கு எனக்கு வசதியாகவே இருந்தது.

வெங்கடம்மா நாற்காலியை இழுத்து, ஜன்னல் வெளிச்சம் கையில் விழும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தாளை மடிக்காமல், கசக்காமல், எட்டத்தில் தள்ளி வைத்தார். அதன்மேல் கருவியைக் கவிழ்த்தார். இடுப்பில் செருகியிருந்த பருத்திக் கையுறைகளை எடுத்து உதறி, ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டார்.

"சரக்கக் கொண்டாரச் சொல்லுங்க சார். ராத்திரி ஆனாலும் ஒக்காந்து பாத்துக் குடுக்கறேன். டப்பா வேணாம், கண்ணு போதும்."

முதல் பெடலுக்காக வலது உள்ளங்கையை விரித்து அவர் முன் நீட்டினார். இடது கண் சுருங்கியிருந்தது. அந்தக் கையில் வைப்பதற்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்த பிரதாப், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.